உஷார்! பாட்டியின் சுருக்குப்பை கடைக்குப் போகுமுன்...

தங்கம் விலை ஏற ஏற, பீரோவில் தூங்கிய பழைய காசுகளும் அறுந்த நகைகளும் கடைத்தெருவுக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைச் சுருட்டக் காத்திருப்பவர்களும் கடை விரித்துவிட்டார்கள். அவசரப்படாதீர்கள், ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படியுங்கள்.

"வைஷ்ணோதேவி படம் போட்ட அஞ்சு ரூபாய் காசு இருக்கா? லட்சக்கணக்குல வாங்கிக்கிறோம்" என்று போன் வரும். 2012-ல் அரசே புழக்கத்துக்கு விட்ட காசு அது, லட்சத்துக்குப் போக வழியே இல்லை. நீங்கள் "சரி" என்றதும் பதிவுக் கட்டணம் கேட்பார்கள், அடுத்து ஜிஎஸ்டி, அடுத்து கமிஷன். ரிசர்வ் வங்கி முத்திரையோடு வாட்ஸ்அப்பில் ஒரு கடிதமும் வரும். பழைய காசு வியாபாரத்தில் தனக்குச் சம்பந்தமே இல்லை, அதற்காக யாரிடமும் கட்டணம் கேட்பதும் இல்லை என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டிலேயே எச்சரித்துவிட்டது. விற்கிறவர் எதற்குப் பணம் கட்ட வேண்டும்? போனை வைத்துவிடுங்கள்.

இதைவிட எனக்கு வயிறு எரிவது, சத்தமில்லாமல் உள்ளூர்க் கடையில் நடப்பதைப் பார்த்துத்தான். பக்கத்து வீட்டு அக்கா, மாமியார் விட்டுப்போன ஏழு வெள்ளி ரூபாய்களைப் புளி போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுபோனார். கடைக்காரர் எந்த ஆண்டுக் காசு என்றுகூடப் பார்க்கவில்லை. ஏழையும் ஒன்றாகத் தராசில் கொட்டி, அழுக்குக்கென்று கொஞ்சம் கழித்து, வெள்ளி விலையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார். தேய்த்த காசைச் சேகரிப்பாளர்கள் விரும்ப மாட்டார்கள், மதிப்பு இறங்கிவிடும். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும்!

ஆண்டுதான் முக்கியம். விக்டோரியா தலை போட்ட ரூபாய் 11.66 கிராம், அதில் 91.7 சதவீதம் வெள்ளி. 1940 முதல் வந்த ரூபாயில் பாதிதான் வெள்ளி. 1947 ரூபாயில் வெள்ளியே கிடையாது, நிக்கல். 1939 என்று பொறித்த ரூபாய் மிக அரிது, அதனாலேயே போலிகளும் அதிகம். அதை யாராவது உங்களிடம் விற்க வந்தால் நாணயம் தெரிந்தவரிடம் காட்டாமல் ஒரு பைசா கொடுக்காதீர்கள். வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த புதையல் என்றால் தொடவே வேண்டாம். 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படி அதை மாவட்ட ஆட்சியரிடம் தெரிவித்தாக வேண்டும்.

பழைய நகைக்கு வருவோம். "ஹால்மார்க் இல்லையே, பாதி விலைதான்" என்பார்கள். நம்பாதீர்கள். முத்திரை இல்லாத பழைய நகையை விற்க வீட்டுக்காரர்களுக்கு எந்தத் தடையும் இல்லை. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) அங்கீகாரம் பெற்ற ஹால்மார்க் மையத்தில் சிறு கட்டணத்துக்குத் தரம் பார்த்துச் சீட்டு வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள். கல்லும் அரக்கும் எடுக்குமுன் ஒரு எடை, எடுத்தபின் ஒரு எடை, இரண்டும் உங்கள் கண்ணெதிரே நடக்கட்டும். உருக்குவதற்கென்று பின்கட்டுக்கு எடுத்துப்போக விடாதீர்கள். புது நகை வாங்கினால் அதிலுள்ள ஹெச்யுஐடி எனும் ஆறு இலக்க அடையாளக் குறியீட்டை பிஐஎஸ் கேர் ஆப்பில் தட்டிப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக் கூடாது.

இன்றிரவே காசுகளை இருபுறமும் படமெடுத்து, ஆண்டையும் எடையையும் எழுதி வையுங்கள். குறைந்தது மூன்று கடையில் விலை கேளுங்கள். போன்காரனுக்கு ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? வெட்கப்படாமல் இப்போதே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.