கல்லும் காகிதமும்

புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரில், இருக்குவேள் வம்சத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயராலும் தன் தேவியர் இருவர் பெயராலும் எழுப்பிய மூவர் கோயிலில் இன்று இரண்டு விமானங்களே நிற்க, மூன்றாவதற்கு அடித்தளம் மாத்திரமே எஞ்சியிருக்கிறது. நடுவிமானத்தில் கிரந்த லிபியில் பொறித்த வடமொழிச் சாசனம் அம்மரபினரின் வம்சாவளியைக் கூறுகிறது. அதன் தொடக்கமோ சிதைந்துபோயிற்று.

கல்லுக்கே இந்தக் கதி நேருமென்பதை உணர்ந்தே போலும், புதுக்கோட்டை சமஸ்தானம் தன் எல்லைக்குட்பட்ட சாசனங்களின் மூலபாடங்களை 1929-இல் வம்சவாரியாக அச்சிட்டது. 1938 முதல் 1944 வரை, கே. ஆர். வேங்கடராம ஐயரின் பதிப்பில், ஊர்தோறும் உள்ள கோயில், குளம், சரித்திரம் அனைத்தையும் விவரிக்கும் சமஸ்தானக் கையேடு பாகம் பாகமாக வெளிவந்தது. 1948-இல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு இணைந்துவிட்ட பின்னரும், கொடும்பாளூரின் பூர்விகத்தை அறிய விழைவோர்க்கு அந்நூல்களே முதல் துணை.

ஆயினும், அக்காலத்துக் காகிதம் அமிலத்தால் பழுத்து, மடித்த இடத்தில் ஒடிந்து, தொட்டால் உதிர்வது. புதுக்கோட்டையின் ஞானாலயா ஆய்வு நூலகம் பழைய பதிப்புகளைத் தேடிச் சேர்த்துக் காப்பது போல், வீட்டுப் பரணில் கிடக்கும் பழம் பிரதிகளை எடைக்குப் போடாமல் நூலகங்களுக்கு அளிப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.