வீட்டு விளையில் தேனீ வளர்ப்பு

வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தை விளை என்பது எங்கள் பக்கத்து வழக்கு. நான் குடியிருக்கும் அமரவிளை, நெய்யாற்றங்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே உள்ளது. 1956-ல் மாநிலங்கள் பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றங்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. தேனீக்கு அந்த எல்லையெல்லாம் கிடையாது. இரு பக்கமும் வளர்ப்பது ஒரே இந்தியத் தேனீயைத்தான்.

1851-ல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத், அடைகளுக்கு நடுவே ஈக்கள் நடமாட விட்டுவைக்கும் இடைவெளியைக் கவனித்து, சட்டங்களைக் கழற்றி மாட்டும் பெட்டியை அமைத்தார். நம் நாட்டுச் சிறிய ஈக்கேற்ற பெட்டியைப் பாதிரியார் நியூட்டன் 1911-17 ஆண்டுகளில் தென்னாட்டில் உருவாக்கினார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராம சேவையைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹாட்ச், தேனீ வளர்ப்பைக் குடிசைத் தொழிலாகக் கற்றுக்கொடுத்தார்.

புதிதாகத் தொடங்குவோர், "ஒரு பெட்டிக்கு எத்தனை கிலோ கிடைக்கும்?"னு கேப்பாங்க. "மழை முடிஞ்சா எத்தனை பெட்டி மிஞ்சும்னு கேளுங்க" என்பேன். ஆதாயம் அதில்தான் இருக்கிறது.

இங்கே தேனுக்கு ஆதாரம் ரப்பர் மரம். இலையுதிர்ந்து தளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேருமிடத்தில் இனிப்பு நீர் சுரக்கிறது. ஆகவே ஜனவரி முதல் ஏப்ரல் வரை தேன்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அது பஞ்சகாலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூட்டம் பெருகும் காலம். பலர் தேனைக் கண்டு பிப்ரவரியில் பெட்டி வாங்குகிறார்கள்; ஆடி மழையில் பசித்த ஈக்கள் கூட்டை விட்டே பறந்துவிடுகின்றன. அக்டோபரில் வாங்கினால் தளிர்க்கும் பருவத்துக்குள் கூட்டம் பலத்துவிடும்.

முதலில் இரண்டு பெட்டி போதும். ஒன்றில் இராணி போய்விட்டால், மற்றதிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள அடையை எடுத்துக் கொடுக்கலாம். வேலைக்கார ஈக்கள் புது இராணியை வளர்த்துக்கொள்ளும். பெட்டி நிழலில் இருக்கட்டும். தாங்கும் காலை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். மேலே உள்ள தேன் அறையில் மட்டும், அடை முக்கால்பங்கு மெழுகால் மூடிய பிறகே தேனெடுக்க வேண்டும். மூடாத தேனில் நீர் அதிகம், புளித்துவிடும். கீழே உள்ள புழு அறையைத் தொடவே கூடாது. பஞ்சகாலத்தில் சர்க்கரையும் நீரும் சமமாகக் காய்ச்சி, ஆறியபின், அந்தி நேரத்தில் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். பகலில் வைத்தால் அடுத்த கூட்டத்து ஈக்கள் கொள்ளையிட வந்துவிடும்.

1991-92-ல் தாய் சாக்புரூட் என்னும் வைரஸ் நோய் தென்னிந்தியாவில் பரவி, பெரும்பாலான கூட்டங்களை அழித்தது. புழுக்கள் நீர் நிறைந்த பைபோலாகி அறைக்குள்ளேயே செத்துப்போகும். பல குடும்பங்கள் தொழிலையே கைவிட்டன. இதற்கு மருந்து கிடையாது. நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டங்களிலிருந்து பிரித்துப் பிரித்தே தொழில் மீண்டது. எனவே வாங்கும்போது அடையை உயர்த்திப் புழுவைப் பாருங்கள். முத்துப்போல் வெள்ளையாக, வளைந்து கிடந்தால் நல்ல கூட்டம்.

வெள்ளாயணி வேளாண் கல்லூரியில் தேனீ ஆராய்ச்சி மையம் உண்டு. ஐயம் வந்தால் அங்கே கேட்கலாம். ஊரில் விளை வைத்துக்கொண்டு வெளியூரில் வாழும் அன்பர்கள் ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும்: மழை நாலு மாதமும் வாரந்தோறும் பெட்டியைத் திறந்து பார்க்க ஓர் ஆள் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.