குளிசை நேரமும் கடல் நேரமும்

குருநகரில் வலைத்தொழிலுக்குப் பின்னேரம் இறங்குகிறவருக்கு விடியப்புறந்தான் கரை. மீனை விற்று, வலையைச் சீர்பார்த்து, சாப்பிட்டுப் படுக்கும்போது ஊரில் மற்றவர்கள் வேலைக்குப் போயிருப்பார்கள். அவருடைய மருந்துப் பையில் ‘காலை 1, இரவு 1, சாப்பாட்டுக்கு முன்’ என்று எழுதிக் கொடுத்தால், எந்தச் சாப்பாட்டுக்கு முன் என்று அவர் எடுத்துக்கொள்வார்? நீரிழிவுக்குக் கொடுக்கும் கிளிபென்கிளமைட், கிளிக்கிளசைட் போன்ற குளிசைகளுக்கு இந்தக் கேள்வி உயிர்க் கேள்வி. அவற்றைப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல் வலை இழுத்தால் இரத்தத்தில் சீனி சடுதியாக இறங்கும். உடல் வியர்க்கும், கை நடுங்கும், புத்தி தடுமாறும். வீட்டிலென்றால் சீனி போட்ட தேத்தண்ணி உடனே கைக்கு வரும்; கடலில், இருட்டில், கூட இருப்பவருக்கும் விஷயம் தெரியாவிட்டால் என்ன நடக்கும் என்பதை நினைக்கவே பயமாயிருக்கிறது. சிலிண்டர் கட்டிக் கடலட்டைக்குச் சுழியோடுகிறவரின் கதையும் இதுதான். ஆழத்திலிருந்து விரைவாக மேலே வந்தவரின் மூட்டு நோவு காற்றழுத்த நோயாக இருக்கலாம். தொழிலைக் கேட்காத வைத்தியர் அதற்கு நோக்குளிசை எழுதி அனுப்பிவிடக்கூடும்.

வைத்தியரும் நோயாளியும் ஒரே மொழி பேசினால் போதும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நினைப்புக்கு யாழ்ப்பாணத்தில் நல்ல காரணமும் உண்டு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தம் ஊரவரோடு தம் மொழியில் பேசும் வைத்தியர்களை உருவாக்கினார். 1873இல் அவர் ஊர் திரும்பியபோது இங்கு பெரிய வேலையொன்று முடிந்திருந்தது. ஆனால் அது பாதி வேலைதான். இன்று பெரியாஸ்பத்திரியில் தமிழில் கேட்கிறார்கள், தமிழில் சொல்கிறார்கள். இருந்தும் சொல்லப்படும் நேர அட்டவணை கந்தோருக்குப் போய் வருகிறவருடையது. நோயாளியின் நாள் எப்போது தொடங்குகிறது என்பது கிளினிக் கொப்பியில் எங்கும் இல்லை.

இதற்கு வைத்தியர்கள் சொல்லும் பதில் நேரமில்லை என்பது. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்கள் நாட்டைவிட்டுப் போய்விட்டார்கள். இருப்பவர்கள் மீது விழும் சுமை பொய்யல்ல. ஆனாலும் நோயாளியைப் பேசவிட்டால் வரிசை நகராது என்ற பயத்துக்கு ஆதாரம் குறைவு. சுவிற்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக வைத்தியசாலையில் 335 வெளிநோயாளரை இடைமறிக்காமல் பேசவிட்டு அளந்து 2002இல் வெளியிட்டார்கள். சராசரி 92 வினாடிகளில் அவர்கள் தாங்களாகவே பேச்சை முடித்தார்கள். 5 நிமிடத்தைத் தாண்டியவர்கள் 7 பேர்தான். அமெரிக்காவில் 1984இல் வெளியான ஆய்விலோ வைத்தியர்கள் சராசரி 18 வினாடியில் நோயாளியை இடைமறித்தார்கள். இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒன்றேகால் நிமிடம். ‘நான் ராவில தொழிலுக்குப் போறனான் டொக்டர்’ என்ற வசனம் அந்த நேரத்துக்குள் தாராளமாக வந்துவிடும். நோயாளிகளும் மறைக்கிறார்கள், சொன்னபடி செய்வதில்லை என்ற குறை உண்மைதான். அதட்டலுக்குப் பயந்து தலையாட்டி வந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள் என்பதை வைத்தியர்கள் யோசிக்க வேண்டும்.

விளங்கியதா என்று கேட்டால் எல்லாரும் ஓம் என்றுதான் சொல்வார்கள். ‘இந்தக் குளிசையை எப்ப, எப்பிடிப் போடப் போறீங்கள், எனக்கு ஒருக்காச் சொல்லுங்கோ’ என்று கேட்டால் பிழை அங்கேயே தெரியும். இதை வைத்தியர்தான் கேட்க வேண்டுமென்றில்லை. தாதியோ மருந்து கொடுப்பவரோ கேட்கலாம். கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் தொழில், கடலுக்குப் போகும் நேரம், சாப்பிடும் நேரம் என்று மூன்று வரிக்கு இடம் விடுங்கள். குருநகர் வாசகர்களே, அது வரும்வரை காத்திருக்காமல், அடுத்த கிளினிக்கில் உங்கள் தொழிலையும் கடலுக்குப் போகும் நேரத்தையும் கேட்காமலே சொல்லுங்கள். சீனிக் குளிசை போடுகிறவர்கள் அதை வள்ளத்தில் கூட வருகிறவருக்கும் சொல்லி, கொஞ்சம் சீனியையும் கையோடு கொண்டுபோங்கள்.