லாஹுகல காட்டில் ஒரு பகல்

யானையைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே கண்டிருந்த பிள்ளைகளுக்கு அதனைக் காட்டிலேயே காட்ட வேண்டுமென்று நீண்ட நாள் ஆசை. ஆகஸ்ட் விடுமுறையில் அது நிறைவேறியது.

ஸுப்ஹு தொழுத கையோடு பாண்டிருப்பிலிருந்து வேனில் புறப்பட்டோம். மனைவி, மூன்று பிள்ளைகள், மாமி, நான். நிந்தவூர், ஒலுவில், அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று கடலோரமாகச் சென்று, பொத்துவிலில் மேற்கே திரும்பினால் சிறிது தூரத்தில் காடு தொடங்கிவிடுகிறது.

லாஹுகல 1980 இல் தேசியப் பூங்காவானது. பரப்பு 1,554 ஹெக்டேயர்தான். ஆனால் கோடையில் குளத்து நீர் வற்ற வற்ற, அங்கு செழித்து நிற்கும் உயரமான புல்லைத் தேடி அயற்காட்டு யானைகளெல்லாம் வந்து கூடுகின்றன. வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 கிலோ தீனி வேண்டுமல்லவா!

வேனை விட்டு இறங்காமலே பார்த்தோம். ஏழு யானைகள். நடுவில் ஒரு குட்டி.

"வாப்பா, குட்டிய ஏன் நடுவுல வெச்சிருக்கு?" என்றாள் மகள்.

நான் வாய் திறக்குமுன் மாமி சொன்னார்: "தாய்க்கு மட்டுமா மகள் அது புள்ள? சாச்சிமாருக்கும் புள்ளதான்."

மாமி சொன்னது உண்மை. யானைக் கூட்டத்தை நடத்துவது மூத்த பெண் யானை. அதன் மகள்மாரும் சகோதரிகளும் கூடியிருந்தே குட்டிகளை வளர்க்கின்றன. ஆண் யானை பருவமடைந்ததும் பிரிந்து போய்விடும். தாய் 22 மாதம் சுமந்து பெறும் குட்டிக்கு இத்தனை காவல்!

பகல் சாப்பாடு முடிந்தபோது, சாப்பாடு கட்டி வந்த சொப்பிங் பேக் ஒன்று காற்றில் பறந்து புல்லுக்குள் விழுந்தது. யானைகள் அருகில் நின்றதால் இறங்கி எடுக்க முடியவில்லை. மகள் கலங்கினாள். "யானை அதைத் தின்னாது மகள்" என்று தேற்றினேன்.

திரும்பி வரும்போது ஒலுவிலை அண்மித்ததும் சாரதி பள்ளக்காட்டைப் பற்றிச் சொன்னார். நமது அம்பாறை மாவட்டத்துக் குப்பைமேடு அது. அயலிலுள்ள ஒன்பது ஊர்களின் குப்பை அங்கு கொட்டப்பட்டு வந்தது. அதைத் தின்று எட்டு ஆண்டுகளில் சுமார் இருபது யானைகள் மடிந்ததாக 2022 ஜனவரியில் செய்தி வந்தது. இறந்தவற்றின் வயிற்றைத் திறந்து பார்த்த மிருக வைத்தியர்கள் கண்டது புல்லை அல்ல. பொலித்தீனையும் உணவு சுற்றிய தாள்களையும்தான். அவை குடலை அடைத்துவிட்டால் யானை தீனி எடுக்காது, நீர் அருந்தாது. மெலிந்து, தன் உடலையே தாங்க முடியாமல் விழுந்துவிடும்.

ஏன் தின்கிறது? பொலித்தீனுக்காக அல்ல. நாம் மீந்த சோற்றையும் கறியையும் பழத்தோலையும் பையில் போட்டு முடிந்து எறிகிறோம். அந்த வாசனைக்கு வரும் யானை பையோடு சேர்த்து விழுங்குகிறது. அந்த முடிச்சு விழுவது நமது குசினியில்.

சகோதரிகளே, செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. மீந்த உணவை வேறாகச் சேர்த்துக் கோழிக்குப் போடுங்கள், அல்லது தென்னையடியில் புதையுங்கள். பொலித்தீனில் உணவு ஒட்டாமல் பாருங்கள். கடைக்குப் பன் பை கொண்டு போங்கள். பயணத்துக்கு மாமி சொன்னதுபோல வாழையிலையில் கட்டுங்கள். அன்று நாங்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

இப்போது எங்கள் குசினியில் இரண்டு வாளிகள் இருக்கின்றன. மகள்தான் அவற்றுக்குப் பொறுப்பு. இடைக்கிடை அவள் கேட்கிறாள்: "வாப்பா, அந்த பேக்க குட்டி தின்டிருக்குமா?"

"தின்னாது" என்று சொல்ல இப்போது எனக்கு நா எழுவதில்லை.