முட்டை குடித்த பேடு

கோழியைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நேயர்களிற் சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். சேவலுக்காவது முருகன் கொடியிலே ஓரிடம் கிடைத்தது. வளவிலே குப்பை கிளறித் திரியும் பேட்டுக்கு அந்தப் பேறும் இல்லை. ஆயினும் சென்ற ஆண்டில் மூன்று மாத காலம் எங்கள் வீட்டார் அனைவரின் சிந்தையையும் ஆட்டிப்படைத்தது ஒரு புள்ளிப்பேடுதான்.

நான் பிறந்த ஊர் வேறு. மட்டக்களப்பு வழக்கப்படி, மணஞ் செய்த நாள்முதல் மனைவியின் ஊராகிய மாங்கேணியிலே வாழ்ந்து வருகிறேன். வாழைச்சேனையைக் கடந்து திருகோணமலைக்குச் செல்லுங் கரையோரப் பாதையில், பனிச்சங்கேணிக் களப்புக்கு முன்னே வரும் ஊர் இது. மரத்தின் பெயரும் நீரின் பெயரும் கூடி ஊர்ப்பெயராகும் அழகை இந்தப் பகுதியிலே காணலாம்.

வீட்டுக் கோழிகள் மாமியின் ஆட்சிக்கு உட்பட்டவை. 2004ஆம் ஆண்டு மார்கழியிற் கடல் பொங்கி வந்தபோது ஒருமுறையும், 2006இல் போர் நெருங்கி இடம்பெயர்ந்தபோது மறுமுறையும் அவர் தம் கோழிகளை இழந்தார். இரு முறையும் ஒரேயொரு பேட்டிலிருந்து மீண்டுந் தொடங்கினார். 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே சோளம் அருகி, கோழித்தீன் விலையேறி, பல பண்ணைகள் முடங்கின. அடுத்த ஆண்டு இந்தியாவிலிருந்து முட்டை கப்பலேறி வந்த புதுமையையும் நாடு கண்டது. அந்தக் காலத்திலே மாமி வாங்கி வளர்த்த குஞ்சுகளுட் கீரிக்கும் பருந்துக்குந் தப்பியதுதான் இந்தப் புள்ளிப்பேடு. அதன் மகள் கறுப்பி, இன்னும் முட்டையிடத் தொடங்காத இளம் பேடு.

இனிப் பேர்த்தியின் கதைக்கு வருகிறேன். மூன்று வயதுக் குழந்தை. குடும்பநல மருத்துவமாது அவளுடைய வளர்ச்சிப் பதிவேட்டைத் திறந்து, நிறைக்கோடு தாழ்ந்து செல்வதைச் சுட்டிக்காட்டினார். நாளுக்கு ஒரு முட்டையாவது கொடுக்கவேண்டும் என்றார். நாட்டுக்கோழி நாள்தோறும் இடுவதில்லை. ஆயினும் ஒருநாள் விட்டு ஒருநாள் கிடைத்தாற் போதும் என்று நாங்கள் தேறியிருந்தோம். ஆனால் கூட்டிலே முட்டை இல்லை. பேடு கொக்கரிக்கும், போய்ப் பார்த்தால் வைக்கோல் ஈரமாயிருக்கும். ஒருநாள் அதன் அலகிலே மஞ்சட்கரு காய்ந்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான்.

“முட்டை குடிச்ச கோழி திருந்தாது, மருமகன். கறுப்பியும் பார்த்துப் பழகிப்போடும். சட்டிக்குத்தான்” என்றார் மாமி.

அவர் சொன்னதில் தவறில்லை. இந்தப் பழக்கம் ஒன்றைப் பார்த்து மற்றொன்று கற்பது; ஒரு கூட்டையே கெடுத்துவிடும். ஆயினும் நான் ஒரு மாதத் தவணை கேட்டேன். முப்பது ஆண்டுகள் வகுப்பறையிலே நின்றவனுக்கு, ‘திருந்தாது’ என்ற சொல் இலகுவில் ஏறுவதில்லை. மாமி தவணை கொடுத்தார். அவர் முகத்தில் நம்பிக்கை மட்டும் இருக்கவில்லை.

முதலிலே அயலார் சொன்ன வைத்தியத்தைச் செய்தேன். முட்டையிலே துளையிட்டு உள்ளிருப்பதை வெளியேற்றி, அரைத்த கொச்சிக்காயை நிரப்பிக் கூட்டில் வைத்தேன். பேடு வந்தது, கொத்தியது, முழுவதையும் உண்டது. பின்னர் அலகை மண்ணிலே துடைத்துவிட்டு, இன்னும் உண்டோ என்று கேட்பதுபோல என்னை நோக்கியது! காரணத்தைப் பின்னர் படித்தறிந்தேன். உறைப்பை உணர்த்தும் நரம்புவாயில் கோழிக்கும் உண்டு. ஆனால் மிளகாயின் காரச்சத்து அதனைத் திறப்பதில்லை. டேவிட் ஜூலியசும் அவருடன் ஆய்ந்த யோர்ட் என்பவரும் 2002இல் இதனைக் காட்டினர். அந்த வாயிலைக் கண்டறிந்தமைக்காகவே ஜூலியசுக்கு 2021ஆம் ஆண்டின் நோபெல் பரிசிற் பங்கு கிடைத்தது. பறவைகள் மிளகாய்ப் பழத்தை உண்டு விதையைப் பரப்ப முடிவதும் இதனாலேதான். பாக்கு நீரிணையின் இரு கரையிலும் எத்தனை தலைமுறைக் கொச்சிக்காய் இவ்வாறு வீணாயிற்றோ!

பிறகுதான் பேடு எதை உண்கிறது என்று கவனித்தேன். தவிட்டைச் சீண்டாது. குறுணலைக் காலால் வாரி இறைக்கும். பேர்த்தியின் கோப்பையிலிருந்து விழும் வெள்ளைச் சோற்றுக்கு மட்டும் ஓடிவரும். குழந்தை தான் உண்ண மனமின்றிச் சோற்றை அள்ளி அள்ளிப் பேட்டுக்கு எறிவதையும் அப்போதுதான் கண்டேன். ஒன்றின் அடம் மற்றொன்றை வளர்த்திருக்கிறது.

வெள்ளைச் சோறுண்ட கோழிகளுக்கு உலக வரலாற்றிலும் ஓரிடம் உண்டு. யாவாவிலே ஐக்மன் என்னும் ஒல்லாந்த வைத்தியர் வளர்த்த கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. சில மாதங்களில் தாமாகவே எழுந்தன. விசாரித்தபோது, சமையற்காரன் இராணுவ வைத்தியசாலையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றை அவற்றுக்கு இட்டு வந்தமை தெரிந்தது. புதிதாய் வந்த சமையற்காரன், இராணுவச் சோறு ‘சிவிலியன்’ கோழிகளுக்கு ஆகாதென்று மறுத்துவிட்டானாம். தவிட்டிலே உள்ள உயிர்ச்சத்தின் கதை அங்கேதான் தொடங்கிற்று. ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. அந்தச் சமையற்காரனை யாரும் நினைவிற் கொள்ளவில்லை.

எங்கள் பேட்டின் கால் தளரவில்லை, தளர்ந்தது முட்டையோடு. ஒரு பெரிய முட்டையின் ஓட்டிலே 2 கிராம் அளவுக்குக் கல்சியம் உண்டு. நாட்டு முட்டைக்கு அதிற் சற்றுக் குறையும். 100 கிராம் வெள்ளையரிசியில் இருப்பதோ ஒரு கிராமின் முப்பதில் ஒரு பங்குகூட இல்லை. பேடு தன் எலும்பைக் கரைத்தே ஓடு செய்கிறது. ஓடு மெலிகிறது, வைக்கோல் குறைந்த கூட்டிலே காற்பட்டு உடைகிறது, ஒருமுறை சுவை கண்ட அலகு அடுத்த முறை தானே உடைக்கிறது. திருட்டுக்கு முன்னே ஒரு பஞ்சம் இருந்திருக்கிறது.

கல்சியத்துக்கு நான் தொலைவு செல்லவில்லை. களப்பங்கரையிலே ஊரி பொறுக்கினேன். மட்டக்களப்பு வாவியிலே இரவிற் கேட்கும் இசை ஊரியின் அழுகையென மீனவர் சொன்னதை, 1859இல் வெளியான தம் நூலிலே எமர்சன் தெனன்ற் குறித்திருக்கிறார். அந்த இசைவாணர்களின் ஓட்டைக் கழுவிக் காயவைத்து உரலிலே ஒன்றிரண்டாக இடித்து, தனிச் சிரட்டையில் வைத்தேன். தீனோடு கலக்கத் தேவையில்லை. முட்டையிடும் கோழி தனக்கு வேண்டிய அளவைத் தானே கொத்தும். ஓடு பெரும்பாலும் இரவிலே உருவாவதால், மாலையில் சிரட்டை நிறைந்திருக்கப் பார்த்துக்கொண்டேன். வெற்றிலைச் சுண்ணாம்பு கூடாது. அது வாயைப் பொக்குவிக்கும்.

தீனை ஒரேயடியாக மாற்றினால் பேடு பட்டினி கிடக்கும். நாவின் சுவையினும் கண்ணையும் அலகையுமே அது அதிகம் நம்புகிறது. புதியதை ஐயுறும், தூளை வெறுக்கும். ஆகவே தவிட்டை ஈரமாகப் பிசைந்து, மேலே சோற்றுப் பருக்கைகளைத் தூவினேன். பத்து நாளிற் பருக்கைகள் குறைந்து மறைந்தன. புரதத்துக்குக் காய்ந்த கூனி இறாலும், புற்றிலிருந்து கொணர்ந்த கறையானும் கொடுத்தேன். கறையானைக் கண்ட அன்று அது பிறவியையே மறந்தது.

கூட்டுக்கும் மாற்றம் வேண்டியிருந்தது. இருண்ட மூலையிலே சாக்குத் திரையிட்டு, வைக்கோலைத் தடிப்பாகப் பரப்பி, பாலை மரத்திற் கடைந்த முட்டை இரண்டை வைத்தேன். கொத்திப் பார்த்தால் அலகு நோகும், ஒன்றும் வாராது. முன்பகலெல்லாம் பரீட்சை மேற்பார்வையாளனைப்போல அருகிற் கதிரை போட்டிருந்தேன். இட்ட முட்டை சூடாறுமுன் என் கைக்கு வந்துவிடும்.

இரண்டாம் வாரத்திலே, நான் கடைக்குச் சென்றிருந்த அரைமணி நேரத்தில் ஒரு முட்டை போயிற்று. மாமி ஒன்றுஞ் சொல்லாமற் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். நான்காம் வாரத்தில் வேண்டுமென்றே விலகியிருந்து பார்த்தேன். முட்டை கிடந்தது, ஓடு நகத்துக்கு உறுதியாயிருந்தது.

பேர்த்தியோ முட்டையைக் கண்டதும் முகத்தைத் திருப்பினாள். மாமி மஞ்சட்கருவைச் சோற்றிலே மசித்து, மேலே அவள் விரும்பும் தேங்காய்ப்பூவைத் தூவினார். நான் பேட்டுக்குச் செய்ததை அவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்தடுத்த இரு மாதங்களில் பதிவேட்டின் புள்ளி சிறிது சிறிதாக மேலே ஏறியது. அன்று மாலை மாமி ஒரு பிடி வெள்ளைச் சோற்றைப் பேட்டின் முன்னே போட்டார். நான் தடுக்கவில்லை.

பேடு இப்போது அடையிருக்கிறது. அயல்வீட்டாரிடம் மாமி மாற்றி வாங்கிய ஒன்பது முட்டைகள் அதன் சிறகுக்குள்ளே இருக்கின்றன. அதுவரைக்கும் பேர்த்திக்கு முட்டை கடையிலிருந்து வருகிறது.