கருவியை எவ்விடத்தில் அளப்பது?

வானொலி அலையில் உரையாடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் அமெச்சூர்கள் எனப்படுவர். அவர்தம் சிற்றலைக் கருவிகளுள் பெரும்பாலானவை 100 வாட் ஆற்றலுடன் அனுப்புவன. ஆதலின் அன்றாடப் பயனில் தரவேறுபாடு தெரிவது கேட்பதிலேயாம்.

'மிக மெல்லிய குரலும் கேட்குமா?' என்பதே பலரும் எழுப்பும் முதல் வினா. சிற்றலைக்கு அவ்வினா போதாது. வானில் இயல்பாக எழும் இரைச்சல், கருவியின் சொந்த இரைச்சலினும் பெரும்பாலும் மிகுதி. மெல்லிய குரலை மறைக்கும் மற்றொன்று, பக்கத்தில் ஓங்கி ஒலிக்கும் நிலையம்.

அமெரிக்காவின் டிரேக் ஆர்-4சி என்னும் கேட்புக் கருவி 1970களில் புகழ் பெற்றது. 20 கிலோ ஹெர்ட்ஸ் இடைவெளியில் இரு வலிய அலைகளைச் செலுத்தி அளந்தபோது அது நன்கு தேறியது. ஆயின், மோர்ஸ் நிலையங்கள் நெருங்கி நிற்கும் போட்டி நாள்களில் தடுமாறியது. ராப் ஷெர்வுட் என்பார் இடைவெளியை 2 கிலோ ஹெர்ட்ஸாகக் குறைத்து அளந்தார், குறை புலனாயிற்று. 1977இல் அதனை எழுதி வெளியிட்டார்.

காரணம் எளிது. கருவியின் முதல் வடிகட்டி 8 கிலோ ஹெர்ட்ஸ் அகலமுடையது. தொலைவிலுள்ள அலைகளை அது தடுத்தது. நெருங்கியவற்றை உள்ளே விட்டது. உட்புகுந்த அலைகள் தம்முள் கலந்து, வானில் இல்லாத பொய்யொலிகளைப் பிறப்பித்தன. 600 ஹெர்ட்ஸ் வடிகட்டியைப் பொருத்தியதும் நிலைமை சீரடைந்தது.

கருவி வாங்குவோர் 20 கிலோ ஹெர்ட்ஸ் அளவோடு அமையாது, 2 கிலோ ஹெர்ட்ஸ் அளவையும் கேட்டறிதல் வேண்டும். பயன் நிகழும் இடத்தில் வைக்கப்படாத தேர்வு, தகுதியைக் காட்டாது.