படிக்காத பாலிசி, கிடைக்காத பணம்

விபத்தில் அடிபட்டவருக்குச் சட்டம் துணை நிற்கிறது. பாலிசியில் பிழை இருந்தால், தனியாக நிற்பவர் காரின் சொந்தக்காரர்தான்.

ஆனேக்கல் தாலுகாவின் காலை அத்திபெலேயில் தொடங்குகிறது. ஓசூரிலிருந்து எல்லை தாண்டி வரும் கார்கள் பொம்மசந்திரா, ஜிகணி, எலெக்ட்ரானிக் சிட்டி என்று வேலைத்தலங்களை நோக்கி விரைகின்றன. டி.என். 70 என்ற ஓசூர் பதிவெண்ணுடன் ஓடும் கார்களுக்கு இங்கே குறைவில்லை. தமிழ்நாட்டில் வாங்கி, கர்நாடகத்தில் ஓடி, கை மாறிய கார்களும் அவற்றில் உண்டு. நெரிசலில் பம்பர் நசுங்குவது புதிதல்ல. நசுங்கிய பிறகுதான் பலர் முதல் முறையாகப் பாலிசியைப் பிரித்துப் படிக்கிறார்கள். பெயர் பழைய சொந்தக்காரருடையது; எஞ்சின் எண்ணில் ஓர் இலக்கம் பிசகியிருக்கிறது; உரிமையில்லாத போனஸ் கழிக்கப்பட்டிருக்கிறது.

இந்தப் பிழைகளின் விலை என்ன? அது, பணம் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்தது.

கர்நாடகத்திலிருந்து உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கைப் பார்க்கலாம். ஒரு பஸ் உரிமையாளர் 2004 ஏப்ரல் 14 அன்று யுனைடெட் இந்தியா நிறுவனத்துக்கு காசோலை கொடுத்து பாலிசி எடுத்தார். மே 11 அன்று விபத்து. காசோலை பணமின்றித் திரும்பியதைக் காரணம் காட்டி நிறுவனம் பாலிசியை ரத்து செய்தது மே 13 அன்று. பாலிசியே இல்லை, நஷ்டஈடும் இல்லை என்பது நிறுவனத்தின் வாதம். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ரத்து செய்த தகவல் விபத்துக்கு முன்பே உரிமையாளருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இல்லையேல் பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்றது. கொடுத்த பணத்தை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள வழியும் விட்டுவைத்தது.

'மூன்றாம் நபர்' எனப்படும் பாதிக்கப்பட்டவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் தரும் கவசம் இது. கார் வைத்திருப்பவருக்கு இந்தக் கவசம் கிடையாது.

கை மாறிய கார்

இதற்குச் சரியான உதாரணம், 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த கம்ப்ளீட் இன்சுலேஷன்ஸ் வழக்கு. காரின் பதிவு வாங்கியவர் பெயருக்கு மாறிவிட்டது, பாலிசி மாறவில்லை. சட்டத்தின் 157-வது பிரிவின்படி கார் கை மாறும்போது காப்பீடும் தானாகக் கை மாறும். ஆனால் அது மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு மட்டுமே என்றது நீதிமன்றம். காரின் சொந்தச் சேதத்துக்குப் பணம் வேண்டுமானால், வாங்கியவருக்கும் நிறுவனத்துக்கும் தனி ஒப்பந்தம் இருக்க வேண்டும். வாங்கிய 14 நாட்களுக்குள் நிறுவனத்துக்கு எழுதி, பெயர் மாற்றத்துக்கான 'எண்டார்ஸ்மென்ட்' பெற வேண்டும் என்பது விதி.

விற்றவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. 2009-ல் நடந்த ஒரு விபத்தில், காரை 2007-லேயே விற்றுவிட்டதாகச் சொன்னவர்மீதே பொறுப்பு விழுந்தது. பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

எல்லையோரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேறு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருக்கும் காருக்கு அங்கே புதிய பதிவெண் வாங்க வேண்டும். எண் மாறினால் பாலிசியிலும் மாற வேண்டும். பதிவு விஷயத்தில் நீதிமன்றம் கண்டிப்பானது. தற்காலிகப் பதிவு காலாவதியான ஒரு கார் திருட்டுப்போனபோது, நிறுவனம் பணம் தர வேண்டியதில்லை என்று 2021-ல் தீர்ப்பானது.

எழுத்துப் பிழையா, பொய்யா?

எல்லாப் பிழையும் ஒன்றல்ல. சேஸிஸ் எண்ணில் ஓர் இலக்கம் தவறிப்போவது தட்டச்சுப் பிழை. பதிவுப் புத்தகம், கார் வாங்கிய பில், முந்தைய பாலிசி ஆகியவற்றைக் காட்டி, இது அதே கார்தான் என்று நிரூபிக்கலாம்.

'நோ க்ளெய்ம் போனஸ்' விவகாரம் அப்படிப்பட்டதல்ல. பணம் கேட்காத முதல் ஆண்டுக்கு 20 சதவீதத்தில் தொடங்கி 50 சதவீதம் வரை தள்ளுபடி தரும் சலுகை இது. இது காருக்கு அல்ல, காரின் சொந்தக்காரருக்கு உரியது. எனவே பழைய கார் வாங்கியவர், விற்றவரின் போனஸை அனுபவிக்க முடியாது. முந்தைய ஆண்டு பணம் வாங்கியதை மறைத்துத் தள்ளுபடி பெற்றால், சொந்தச் சேதத்துக்கான உரிமையே பறிபோகலாம்.

பெரும்பாலும் விண்ணப்பத்தை நிரப்புபவர் ஏஜென்ட். சொந்தக்காரர் கையெழுத்து மட்டும் போடுகிறார். ஆகவே தகராறு வந்தால் முதலில் கேட்க வேண்டியது அந்த விண்ணப்பத்தின் நகலை. விண்ணப்பத்தில் சரியாக இருந்து பாலிசியில் தவறாக இருந்தால், பிழை நிறுவனத்துடையது. அதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

நிபந்தனை மீறல் இருந்தாலும் எல்லாம் இழந்துவிட்டதாக அர்த்தமில்லை. சொந்தக் காரை வாடகைக்கு ஓட்டியதாகச் சொல்லி ஒரு நிறுவனம் முழுத் தொகையையும் மறுத்தது. அமலேந்து சாஹு வழக்கு எனப்படும் அதில், 5 லட்ச ரூபாய் கேட்டவருக்கு 2,50,000 ரூபாய் கொடுக்கும்படி 2010-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

விபத்துக்குப் பிறகு

பிழை தெரிந்தால் மறைக்காமல் எழுத்து மூலம் தெரிவிப்பதே நல்லது. சர்வேயர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார். அவர் பார்க்கும்முன் காரைப் பிரிக்கக் கூடாது. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் 2024 சுற்றறிக்கைப்படி, தகவல் கிடைத்த 24 மணி நேரத்தில் சர்வேயரை நியமிக்க வேண்டும்; 15 நாட்களில் அறிக்கை; அடுத்த 7 நாட்களில் முடிவு. குறைந்த தொகைக்கு 'முழுத் திருப்தி' என்று எழுதிய வவுச்சரை நீட்டினால், ஆட்சேபத்தைக் குறிப்பிடாமல் கையெழுத்திடக் கூடாது.

மறுப்புக் கடிதம் வந்தால் முதல் படி, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரி. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மன். ஆனேக்கல்வாசிகளுக்கு அந்த அலுவலகம் பெங்களூரிலேயே இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரை தீர்ப்பளிக்கலாம். ஓராண்டுக்குள் போக வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டுகள் அவகாசம்.

இத்தனை படிகளையும் ஏறுவதைவிட எளிய வேலை ஒன்று உண்டு. பாலிசி வந்த அன்றே பதிவுப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, பெயர், பதிவெண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், தயாரிப்பு ஆண்டு, போனஸ் விகிதம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பது. பிழை இருந்தால் அன்றைக்கு அதைத் திருத்த ஒரு கடிதம் போதும். விபத்துக்கு மறுநாள் அதே பிழைக்கு ஒரு வழக்கு தேவைப்படும்.